பெயரை நம்பாதே, சிலுவையைப் பார்

சிங்க நெஞ்சன் என்று பெயர் வாங்கிய முதலாம் ரிச்சர்ட் 1189 முதல் 1199 வரை இங்கிலாந்தின் அரசனாக இருந்தான். அந்தப் பத்து ஆண்டுகளில் இங்கிலாந்தின் அக்கசாலைகள் அடித்த வெள்ளிப் பென்னிகளில் ஒன்றில்கூட அவன் பெயர் இல்லை. எல்லாவற்றிலும் அவனுடைய தந்தை இரண்டாம் ஹென்றியின் பெயர்தான். அடுத்து வந்த தம்பி ஜானும் அதை அப்படியே விட்டுவைத்தான். ஜானின் மகன் மூன்றாம் ஹென்றி அரியணை ஏறியபோது பெயர் தற்செயலாகப் பொருந்திப்போனது. 1180-இல் தொடங்கி 1247 வரை மூன்று தலைமுறை, நான்கு அரசர்கள், காசில் ஒரே ஹென்றி.

இன்று இங்கிலாந்தின் உழுத வயல்களில் மெட்டல் டிடெக்டரோடு நடப்பவர்களுக்கு அடிக்கடி கிடைக்கும் இடைக்காலக் காசுகளில் இந்த ஹென்றி பென்னியும் ஒன்று. மண்ணைத் துடைத்ததும் எழுகிற முதல் கேள்வி, "எந்த அரசன்?" என்பது. காசு அதற்கு நேர்மையாகப் பதில் சொல்வதில்லை. 1272-இல் மூன்றாம் ஹென்றி இறந்த பிறகும் ஏழு ஆண்டுகள் அவன் பெயரிலேயே காசு வந்தது. முதலாம், இரண்டாம், மூன்றாம் எட்வர்ட் மூவரும் தாம் எத்தனையாவது எட்வர்ட் என்று காசில் சொல்லவில்லை. நான்காம், ஐந்தாம், ஆறாம் ஹென்றிகளும் அப்படியே. ஆகவே ஆங்கிலேய இடைக்காலக் காசை அடையாளம் காணும் கலை, பெயரைப் படிப்பதில் தொடங்கினாலும் பெயரை ஓரமாக வைத்துவிட்டு மற்றவற்றைப் பார்ப்பதில்தான் வளர்ந்திருக்கிறது.

முதலில் இந்தக் காசுகள் அடிக்கப்பட்ட முறை. 1662-இல் இயந்திர அச்சு நிரந்தரமாக வரும்வரை பெருவாரியான காசுகள் கையால் அடித்தவையே. அடி அச்சு மரக்கட்டையில் செருகியிருக்கும். அதன்மேல் வட்ட வெள்ளித் தகட்டை வைத்து, மேல் அச்சைக் கையில் பிடித்துச் சுத்தியால் அடிப்பார்கள். அரசன் முகம் பெரும்பாலும் அடி அச்சில், சிலுவை மேல் அச்சில். நேரடியாக அடி வாங்கும் மேல் அச்சு சீக்கிரம் தேயும். எனவே ஒரே முகம் பல வெவ்வேறு சிலுவைப் பக்கங்களோடு சேர்ந்து வரும். அடி சாய்ந்தால் பாதி எழுத்து விழாது, இரண்டாம் அடி விழுந்தால் முகம் இரட்டிக்கும். அதாவது ஒரு காசு படிக்க முடியாமல் இருப்பதற்குத் தேய்மானம் மட்டும் காரணமல்ல. அடித்த நாளிலேயே அது படிக்க முடியாததாக இருந்திருக்கலாம். இதில் மிக மோசமானது 1158 முதல் 1180 வரை வந்த 'டீல்பி' வகை. 1807-இல் லிங்கன்ஷையரில் டீல்பி என்னும் ஊரில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட காசுகள் கிடைத்ததால் அந்தப் பெயர். வெள்ளி சுத்தமானது, எடையும் சரி, அடித்த லட்சணம் மட்டும் வெட்கக்கேடு. வட்டமாக ஒரு டீல்பி பென்னி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இனி சிலுவை. ஹென்றி, எட்வர்ட் பென்னிகளின் பின்பக்கம் நான்கு பெரிய காலங்களாகப் பிரிகிறது. சிலுவையின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு குட்டிச் சிலுவை இருந்தால் டீல்பி. இரட்டைக் கோட்டால் ஆன சிலுவை உள்வட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டால் 1180–1247, குறுஞ்சிலுவைக் காலம். அதே இரட்டைக் கோட்டுச் சிலுவை எழுத்துகளை வெட்டிக்கொண்டு விளிம்புவரை நீண்டு, மூலைக்கு மூன்று புள்ளிகள் இருந்தால் 1247–1279, நெடுஞ்சிலுவைக் காலம். நீளம் அதேதான், புள்ளிகளும் அவைதான், ஆனால் சிலுவை ஒற்றைத் தடிக் கோடு என்றால் 1279-க்குப் பிந்தியது. முகம் முழுக்கத் தேய்ந்து, எழுத்து ஒன்றுகூட மிஞ்சாத காசையும் இந்த ஒரு பார்வையில் சில பத்தாண்டுகளுக்குள் கட்டிவிடலாம். கடைசி வகை மட்டும் விதிவிலக்கு: அது இரண்டு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

இது இன்று எளிதாகத் தெரிகிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அப்படி இல்லை. குறுஞ்சிலுவைக் காசுகள் இரண்டாம் ஹென்றியுடையவையா, மூன்றாம் ஹென்றியுடையவையா என்று அறிஞர்கள் சண்டையிட்டார்கள். இடையில் ரிச்சர்டும் ஜானும் காசே அடிக்கவில்லையா என்ற சங்கடமான கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. 1864-இல் லங்காஷையரின் எக்கிள்ஸில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குறுஞ்சிலுவைக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அடுத்த ஆண்டே ஜான் எவன்ஸ் அவற்றை ஐந்து வகுப்புகளாக அடுக்கி, நான்கு அரசர்களின் காலத்திலும் ஒரே பெயரில் காசு தொடர்ந்தது என்று நிறுவினார். கிரீட் தீவின் நாசஸ் அரண்மனையைத் தோண்டிய ஆர்தர் எவன்ஸின் தந்தை இவர். அவருடைய வாதத்தில் நான் மிகவும் மதிப்பது, அவர் முகத்தின் அழகை நம்பாமல் பின்பக்கத்துப் பெயர்களை நம்பியது. 1279 வரை பென்னியின் பின்பக்கத்தில் காசடித்தவரின் பெயரும் ஊர்ப்பெயரும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே 'ஆன்' என்ற சொல். இந்தப் பெயர்களில் பல அரசாங்க வரவு செலவுச் சுருள்களிலும் ஆணைகளிலும் ஆண்டோடு வருகின்றன. 1207-இல் ஜான் பதினாறு ஊர்களின் காசடிப்பவர்களை அச்சுகளோடு வரச்சொல்லி அனுப்பிய ஆணை இருக்கிறது. ஆவணத்துப் பெயரும் காசிலுள்ள பெயரும் ஒத்துப்போனால், காசின் வயதைச் சொல்ல அரசன் பெயரே வேண்டாம்.

பின்னர் எல். ஏ. லாரன்ஸ் இந்த அடுக்கை எட்டு வகுப்புகளாக விரித்தார். 2001-இல் வெளிவந்த ஜெஃப்ரி மாஸின் தொகுப்பு அதை இன்னும் நுட்பமாக்கியது. வயலில் நிற்பவருக்குத் தேவையானது இதில் கொஞ்சம்தான். கிரீடத்தின் முத்துகளையும் முகத்தின் இருபுறச் சுருள்முடியையும் எண்ண வேண்டும்; இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஐந்து என்றால் இரண்டாம் ஹென்றி காலத்தின் முதல் வகுப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். 'எஸ்' எழுத்து இடவலமாகத் திரும்பியிருந்தால் 1205-இல் ஜான் செய்த சீர்திருத்தத்தின் தொடக்கம், அதாவது ஐந்தாம் வகுப்பின் முதல் பிரிவு. இரண்டு முதல் நான்கு வரையான வகுப்புகள் ரிச்சர்ட் காலத்தில் தொடங்கி ஜானின் முதல் ஆண்டுகள்வரை ஓடுகின்றன. அச்சு செதுக்கியவர்களின் கைத்திறன் சரிந்துகொண்டே போனதை அவற்றின் கோணல் முகங்களில் பார்க்கலாம். அழகில்லாத ஹென்றி கிடைத்தால் வருந்த வேண்டாம், அது சிங்க நெஞ்சனாக இருக்கலாம்.

நெடுஞ்சிலுவை வந்த கதை வேறு. காசின் விளிம்பைச் சுரண்டி வெள்ளி எடுப்பது அந்தக் காலத்தின் தீராத நோய். சிலுவை உள்ளேயே நின்றதால் விளிம்பு போனாலும் காசு முழுதாகத் தெரிந்தது. 1247-இல் சிலுவையின் நான்கு முனைகளையும் விளிம்புவரை இழுத்தார்கள். முனைகள் தெரியாத காசு செல்லாது என்ற ஏற்பாடு. இதை அக்காலத்தில் வாழ்ந்த செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி மேத்யூ பாரிஸ் எழுதிவைத்திருக்கிறார். காசை நான்காக வெட்டி விற்கத்தான் சிலுவை என்று இன்றும் சில கையேடுகள் சொல்கின்றன. வெட்டுவதற்குச் சிலுவை உதவியது உண்மை, அதற்காகவே வந்தது என்பது தவறு. சுரண்டலும் நிற்கவில்லை. 1278–79-இல் அந்தக் குற்றத்தைச் சாட்டி இங்கிலாந்தின் யூதர்களை நூற்றுக்கணக்கில் சிறையில் அடைத்தார்கள், பலரைத் தூக்கிலிட்டார்கள். கிறிஸ்தவர்களும் இதே குற்றத்தில் பிடிபட்டார்கள், தண்டனை மட்டும் ஒரே அளவில் விழவில்லை. சுரண்டப்பட்ட ஒரு நெடுஞ்சிலுவைப் பென்னியைத் தராசில் வைப்பவருக்கு இந்தப் பின்னணி தெரிந்திருப்பது நல்லது.

1279-இல் முதலாம் எட்வர்ட் காசு முறையை மாற்றினான். காசடித்தவரின் பெயர் போனது. பின்பக்கத்தில் லண்டன், கேண்டர்பரி என்று ஊர் மட்டும் நின்றது. பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மட்டும் ராபர்ட் டி ஹாட்லீ என்பவரின் பெயரைச் சிலகாலம் விடாமல் பொறித்தது. பெயர் போனதோடு எவன்ஸின் சாவியும் போயிற்று. பல பத்தாண்டுகள் கோடிக்கணக்கில் அடித்த, ஒன்றுபோலவே தெரியும் இந்தக் காசுகளைப் பிரித்தவர்கள் ஃபாக்ஸ் சகோதரர்கள். 1909-க்கும் 1913-க்கும் இடையில் அவர்கள் வெளியிட்ட ஆய்வு மூன்று எட்வர்டுகளின் பென்னிகளைப் பதினைந்து வகுப்புகளாக்கியது. இன்றும் டிடெக்டர்காரர்கள் "இது பத்தாம் வகுப்பு" என்று பேசிக்கொள்வது அவர்களுடைய எண்தான்.

அவர்கள் கண்ட வழி எளிமையானது. முகம், முடி, கிரீடம், எழுத்து ஒவ்வொன்றையும் அச்சு செதுக்கியவர்கள் தனித்தனி உளி முத்திரையால் பதித்தார்கள். ஒரு முத்திரை உடைந்தால், அதற்குப் பின் அதைக்கொண்டு செய்த எல்லா அச்சிலும் அந்த உடைவு தெரியும். பதினொன்றாம் வகுப்பில் கிரீடத்தின் இடப்பக்க அலங்காரம் முனை உடைந்து நிற்பது அப்படித்தான்; 1310-ஐ ஒட்டி இரண்டாம் எட்வர்டின் காசைப் பிரித்துக் காட்டுவது ஒரு கருவியின் விபத்து. மற்ற அடையாளங்களும் உண்டு. லத்தீன் 'என்' எழுத்து திரும்பியிருந்தால் முதல் இரண்டு வகுப்புகளைப் பார்க்க வேண்டும். மார்பில் மூன்று புள்ளிகள் என்றால் நான்காம் வகுப்பின் கடைசிப் பிரிவு, ரோஜா என்றால் ஏழு, நட்சத்திரம் என்றால் பெரும்பாலும் ஒன்பது. அரசன் பெயரின் சுருக்கமும் உதவும்: 'எட்வ்' என்று மூன்றே எழுத்து என்றால் 1300-ஐ ஒட்டிய காலம்வரை, 'எட்வார்', 'எட்வார்ட்' என்று நீண்டால் பத்தாம் வகுப்பின் முற்பகுதி, 'எட்வா' என்று நான்கெழுத்தில் நின்றால் அதற்குப் பின். பெயரை நம்பாதே என்றேன், பெயரின் நீளத்தை நம்பலாம்.

பத்தாம் வகுப்புக் காசுகளே அதிகம் கிடைக்கின்றன; அது ஏன் என்ற கேள்விக்குப் பதில் இங்கிலாந்துக்கு வெளியே இருக்கிறது. ஆங்கிலக் கம்பளிக்கு விலையாக ஃபிளாண்டர்ஸ் பக்கமிருந்து வெள்ளி வந்துகொண்டே இருந்தது. அதோடு எட்வர்ட் பென்னியைப் பார்த்து அடித்த அயல்நாட்டுக் காசுகளும் வந்தன. கிரீடத்துக்குப் பதிலாக ரோஜா மாலை அணிந்தவை 'குரோக்கார்ட்', வெறுந்தலை கொண்டவை 'போலார்ட்'. 1299 கிறிஸ்துமஸில் அவற்றை அரைப்பென்னி மதிப்புக்கு இறக்கி, அடுத்த ஈஸ்டரில் முழுக்கத் தடை செய்தார்கள். அந்தக் காசுகளை உருக்கி மறுபடி அடிக்கவே எக்ஸெட்டர், ஹல் போன்ற ஊர்களில் அக்கசாலைகள் திறந்தன. தடை செய்தும் இவை நிலத்தில் கிடைக்கின்றன. முன்பக்கம் எட்வர்டைப்போல, எழுத்துகள் வேறு என்றால் அயலார் காசு என்று சந்தேகிக்கலாம். லக்சம்பர்கின் குருட்டு ஜான் அடித்த போலிகள் அடுத்த தலைமுறையில் 'லஷ்பர்க்' என்ற பெயரில் அவ்வளவு பரவி, கவிஞர் சாசர் கேண்டர்பரி கதைகளில் அவற்றைப் பெயர் சொல்லிக் கேலி செய்கிறார். முகம் பக்கவாட்டில் திரும்பி, சிலுவை மூலைகளில் நட்சத்திரம் இருந்தால் ஸ்காட்லாந்து, பெரும்பாலும் மூன்றாம் அலெக்சாண்டர். அரசன் தலை முக்கோணத்துக்குள் இருந்தால் அயர்லாந்து. இன்னொரு வேடிக்கை: பென்னியின் அதே முகமுத்திரைகளைக் கொண்டே கணக்குப் போடும் பித்தளை வில்லைகளையும் செய்தார்கள். யாரும் வெள்ளி பூசிச் செலவழித்துவிடக் கூடாதென்று அவற்றின் நடுவில் துளையோ குழியோ இருக்கும். புதியவர்கள் இதைச் செம்புப் போலி என்று எண்ணி ஏமாறுவது வழக்கம்.

1344-க்குப் பிறகு கண்ணைவிடத் தராசு பெரிய ஆசான். அதுவரை பென்னி ஏறத்தாழ 22 கிரெயின், அதாவது 1.4 கிராமுக்குச் சற்று மேல். 1344-இல் 20 கிரெயினை ஒட்டிக் குறைந்தது. 1351-இல் 18 கிரெயின் (1.17 கிராம்), 1412-இல் 15 (0.97), 1464-இல் 12 (0.78). அரசர்கள் போர்க்கடனிலும் வெள்ளிப் பஞ்சத்திலும் தவித்த வரலாறு இந்த நான்கு எண்களில் அடங்கிவிடும். ஆனால் எடையை ஒரு திசையில்தான் பயன்படுத்தலாம். 1.3 கிராம் எடையுள்ள பென்னி ஆறாம் ஹென்றியுடையதாக இருக்கவே முடியாது. 0.8 கிராம் உள்ளது யாருடையதாகவும் இருக்கலாம், ஏனென்றால் சுரண்டலும் மண்ணின் அரிப்பும் எடையைக் குறைக்கும், கூட்டாது. இதை மறந்து, இலகுவாக இருக்கிறது என்பதற்காகவே ஒரு காசை நான்காம் எட்வர்டுக்குக் கொடுத்துவிடுகிறவர்கள் நிறைய.

மூன்றாம் எட்வர்ட் 1351-இல் நான்கு பென்னி மதிப்புள்ள குரோட்டையும் இரண்டு பென்னி அரைக்குரோட்டையும் நிலைநாட்டினான். பின்பக்கத்தில் இரண்டு வட்டமாக எழுத்து ஓடினால் அந்தக் குடும்பம். பிரான்ஸின் அரசன் என்ற பட்டம் இருக்கிறதா என்று பார்ப்பதும் பயன் தரும்: பிரான்ஸோடு செய்த பிரெத்தின்யி உடன்படிக்கையின் காலமான 1360-களில் அந்தப் பட்டம் காசிலிருந்து மறைந்து, 1369-இல் போர் மீண்டதும் திரும்பி வந்தது. 15-ஆம் நூற்றாண்டில் மோதிரம், ரோஜா, பைன்காய், இலை என்று எழுத்துகளிடையே வரும் குட்டிச் சின்னங்களே வரிசையைச் சொல்கின்றன. ஆறாம் ஹென்றியின் மோதிரக் காசுகள் அன்று ஆங்கிலேயர் கையிலிருந்த கலே துறைமுகத்தில் ஏராளமாக அடிக்கப்பட்டன. விளிம்பு முழுக்கப் போன குட்டிக் காசுகளில் நடுவைப் பார்க்க வேண்டும். சிலுவையின் மையத்தில் நாலிதழ் வளையம் இருந்தால் யார்க் பேராயருடையது. நான்காம் எட்வர்ட் காலத்துக்குப் பின் 'டி' எழுத்து இருந்தால் டர்ஹம் ஆயருடையது. ஆண்டு பொறித்த காசு என்றால் அது இடைக்காலமே அல்ல. ஆங்கிலக் காசில் ஆண்டு வருவது ஆறாம் எட்வர்ட் காலத்தில், 1540-களின் இறுதியில்தான். தலைக்குப் பின்னால் ரோஜா தெரிந்தால் அது முதலாம் எலிசபெத்.

வகுப்பு எண்களை மனப்பாடம் செய்தவர்கள் பலர் கவனிக்காமல் விடுவது வெட்டுக் காசுகளை. 1279 வரை இங்கிலாந்தில் அரைப்பென்னியும் ஃபார்திங் எனப்பட்ட கால்பென்னியும் வட்டமாக வழக்கத்தில் இல்லை. பென்னியைச் சிலுவைக் கோட்டில் இரண்டாகவோ நான்காகவோ வெட்டினார்கள். பெரும் புதையல்களில் இவை குறைவு. சேமிக்கிறவர் முழுக் காசைத்தானே தேர்ந்தெடுத்துப் புதைப்பார்! கால்செஸ்டரில் 1902-இலும் 1969-இலும் ஈயப் பாத்திரங்களில் கிடைத்த இரண்டு புதையல்களில் தலா பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட காசுகள். அவை எவன்ஸ், லாரன்ஸ் வகையறாவுக்கு அமுதம். சந்தையில் ரொட்டி வாங்கியவரின் கைக்காசைப் பற்றி அவை சொல்வது கொஞ்சம்தான். வயலில் ஒன்றொன்றாகக் கிடைக்கும் காசுகளோ யாரும் தேர்ந்தெடுத்தவை அல்ல, தொலைந்தவை. அவற்றில் வெட்டுத் துண்டுகளும் 1279-க்குப் பிந்திய சிறு வட்டக் காசுகளும் தாராளம். ரிச்சர்ட் கெல்லஹர் போன்றவர்கள் இந்தத் தனிக்காசுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்ததில், நாட்டுப்புறத்திலும் சில்லறை எவ்வளவு ஆழமாக ஓடியது என்பது தெளிந்தது. வரலாற்றுக்கு டிடெக்டர்காரர்கள் கொடுத்த மிகப் பெரிய கொடை இதுதான் என்பது என் கணிப்பு. கால் துண்டில் மூன்றெழுத்து மிஞ்சியிருந்தாலும் வீணில்லை. 'ஆன்' என்பதற்கு அடுத்து வருவது ஊர்ப்பெயரின் தொடக்கம்.

மடிந்த காசுகளும் அப்படியே. நோயாளிக்காக ஒரு புனிதரை வேண்டிக்கொண்டு பென்னியை வளைத்து நேர்ந்துவைக்கும் வழக்கம் இடைக்கால இங்கிலாந்தில் இருந்தது. புனிதர்களின் அற்புதக் கதைகளில் அது திரும்பத் திரும்ப வருகிறது. வளைந்த பென்னி கிடைத்ததும் கலப்பைதான் வளைத்தது என்று முடிவுகட்டி நிமிர்த்துகிறவர், ஒரு வேண்டுதலை அழிக்கிறார். பெரும்பாலும் காசையும் ஒடிக்கிறார். அலுமினியத் தாளில் வைத்துத் தேய்ப்பது, சோடா உப்பில் ஊறவைப்பது போன்ற வீட்டு வைத்தியங்களும் வேண்டாம். தண்ணீர், பொறுமை, பக்கவாட்டிலிருந்து தாழ்வாக விழும் வெளிச்சத்தில் இருபக்கமும் ஒரு படம், நூறில் ஒரு கிராம்வரை காட்டும் தராசு. இவ்வளவு போதும்.

கடைசியாகச் சட்டமும் பதிவும். 1980-இல் தொல்லியலாளர்கள் டிடெக்டர்காரர்களுக்கு எதிராகப் பெரிய இயக்கமே நடத்தினார்கள். இரு தரப்பையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது 1997-இல் முன்னோடியாகத் தொடங்கி, 2003-க்குள் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் பரவிய கையடக்கத் தொல்பொருள் பதிவுத் திட்டம். பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் வேல்ஸ் தேசிய அருங்காட்சியகமும் நடத்தும் இந்தத் திட்டத்தில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியுள்ளன. அதே 1997-இல் நடைமுறைக்கு வந்த புதையல் சட்டப்படி, 300 ஆண்டுக்கு மேற்பட்ட, ஒரே இடத்தைச் சேர்ந்த இரண்டு வெள்ளிக் காசுகள் கிடைத்தாலே அரசிடம் தெரிவிக்க வேண்டும். முறையாகச் சொன்னதற்குப் பலனும் உண்டு: 2019-இல் சோமர்செட்டின் சூ பள்ளத்தாக்கில் கிடைத்த, நார்மன் படையெடுப்புக் காலத்து 2,584 வெள்ளிக் காசுகளை 2024-இல் 43 லட்சம் பவுண்டுக்குத் தென்மேற்கு மரபுரிமை அறக்கட்டளை வாங்கியது. 2015-இல் ஹெர்ஃபர்ட்ஷையரில் கிடைத்த, அரசன் ஆல்ஃபிரட் காலப் புதையலை மறைத்தவர்கள் பின்னர் சிறைக்குப் போனார்கள். சுமார் 300 காசுகள் இருந்திருக்கலாம் என்று மதிப்பிடப்பட்ட அதில் மீண்டவை மிகச் சில.

தனியாகக் கிடைக்கும் ஒரு காசுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. தேய்ந்த கால் துண்டைப் பதிவுசெய்யச் சொல்லிச் சட்டம் யாரையும் வற்புறுத்துவதில்லை. அதை விற்கவும் முடியாது, காட்டிப் பெருமைப்படவும் முடியாது. இருந்தும் மினுமினுக்கும் குரோட்டைவிட அந்தத் துண்டைத்தான் பதிவுத் திட்டத்தின் அதிகாரியிடம் எடுத்துப்போக வேண்டும், வயலில் எந்த இடத்தில் கிடைத்தது என்ற குறிப்போடு. வகுப்பு எண்ணை நிபுணர் பிறகு திருத்திக்கொள்ளலாம், எழுதிவைக்காத இடத்தை யாராலும் திரும்பப் பெற முடியாது.